பன்னிரண்டு டிப்பர்களும் ஒரு குன்றும்

நடந்தது இவ்வளவுதான்:

1. லோஹேகாவ் பக்கம் கட்டடம் வரவிருந்த ஓர் இடத்தின் உயரக்கோட்டு வரைபடம் என் மேசைக்கு வந்தது.
2. அதில் தெரிந்த குன்றை வெட்டி அகற்ற எவ்வளவு மண் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டேன்.
3. மண் அள்ளப் பன்னிரண்டு டிப்பர்கள் வந்தன.
4. குன்று இல்லை.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அப்போது நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம். ஆறு மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். எனவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன். வரைபடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக எட்டு வளையங்கள்; ஒவ்வொன்றும் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு. ஒவ்வொன்றின் பரப்பையும் அளந்தேன். அடுத்தடுத்த இரண்டின் சராசரியை, இடையிலுள்ள ஒரு மீட்டர் உயரத்தால் பெருக்கிக் கூட்டினேன். மூன்று முறை சரிபார்த்தேன். (நான்காவது முறை பெருமைக்காக.) கோடுகளின் மேல் எழுதியிருந்த உயரங்களை மட்டும் படிக்கவில்லை. அவை உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே போயிருக்கின்றன.

காலையில் போய் இறங்கினால், பழைய கல்குவாரிப் பள்ளம். அடியில் மழைத் தண்ணீர். அதில் ஐந்து எருமைகள், கழுத்தளவு நிம்மதியில்.

டிப்பர்க்காரர்களின் தலைவர் எட்டிப் பார்த்தார். "மேடம், பஹாட் கிதர் ஹை?" (மலை எங்கே என்கிறார்.)

"யஹீ ஹை," என்றேன். இதுதான் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

அவர் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எருமைகளும் பார்த்தன.

செய்தி கேட்டு பைக்கில் வந்த என் மேலதிகாரி ஜோஷி சார் என் தாளை நிதானமாகப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். மராத்தியில், "கணக்கு அருமை. 'எடுக்க வேண்டிய மண்' என்பதற்குப் பதிலாக 'போட வேண்டிய மண்' என்று தலைப்பை மாற்று," என்றார். டிப்பர்களைத் திருப்பி அனுப்பினார். என் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்.

தேஹு ரோடு வீட்டில் சொன்னேன். ஆயுதக் கிடங்கில் வேலை பார்க்கும் அப்பா சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது.

"ஏம்மா, அங்க போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"வரைபடம் இருந்துச்சேப்பா!"

"எருமைகிட்ட வரைபடம் இல்ல. அதுங்களுக்குப் பள்ளம்னு தெரிஞ்சிருக்கு பாரு!"

இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் வீட்டில் யாராவது ஒருவர், "மேடா, பள்ளமா?" என்று கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே அப்பா முழுக் கதையையும் சொன்னார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், "எத்தனை கன மீட்டர்?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

ஜோஷி சார் நீட்டிய மூன்று மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது. இப்போது அதே அலுவலகத்தில் மண் கணக்குகளுக்குக் கடைசிக் கையெழுத்து நான் போடுகிறேன். இடத்தைப் பார்க்காமல் போடுவதில்லை.