எஃப் வன் அண்ணையும் வாய் மூடிய மெசினும்

எஃப் வன் அண்ணையைப் போலப் பயந்த மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு முன் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை. நாய் குரைத்தால் பயம். குரைக்காமல் இருந்தால், ஏன் குரைக்கவில்லை என்று அதைவிடப் பயம். தென்னைமரத்துக்குக் கீழே நடக்க மாட்டார். பஸ்சில் ஏறி எத்தனையோ வருடமாகிறது. புத்தூரில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள வீட்டில் தமக்கையாரோடு இருந்துகொண்டு, மனிதருக்கு வரக்கூடிய எல்லா ஆபத்தையும் முற்கூட்டியே யோசித்து முடித்துவிட்டவர் அவர். அந்த ஆபத்துகளுக்குள் முதலாவது இடம், கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் அப்டேற்றுக்கு.

அண்ணைக்குக் கண் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்களைப் போலக் கண் தெரியாமல் கணினி பாவிக்கிறவர்கள் இங்கே அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறோம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிறீன் ரீடர் என்ற மென்பொருள்தான் எங்களுக்குக் கண். நாங்கள் விசையை அமத்துவோம், அது கதைக்கும். அது கதைக்காவிட்டால் மெசின் வெறும் சூடான பலகை. விசைப்பலகையில் உதவி கேட்பதற்கென்று எஃப் வன் என்றொரு விசை இருக்கிறது. அது எங்களில் ஒருவருக்காவது உதவியதாக நான் கேள்விப்படவில்லை. புத்தூருக்குப் போன் எடுத்தால் உதவி கிடைக்கும். அப்படித்தான் அண்ணைக்கு அந்தப் பெயர் வந்தது.

போன் எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். நலம் விசாரிக்க மாட்டார். அவருடைய முதல் வார்த்தை, "கதைக்குதோ?" என்பதுதான். மெசினைத்தான் கேட்கிறார். கதைக்குது என்றால் நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டபிறகு அம்மா எப்படி, மழை பெய்ததா என்றெல்லாம் கேட்பார். கதைக்கவில்லை என்றால், "போனை மெசினுக்குக் கிட்டப் பிடி, மூச்சு விடாதை" என்பார். மெசினுக்குள் சுழலும் சின்னக் காற்றாடியின் இரைச்சலைக் கேட்டே அது விழித்திருக்கிறதா நித்திரையா என்று சொல்லிவிடுவார். கண் தெரிந்த மெக்கானிக்மாரை நாங்கள் கூப்பிடுவதில்லை. அவர்கள் வந்து கதிரையில் இருந்ததும் செய்கிற முதல் வேலை, கரைச்சலாக இருக்கிறதென்று சத்தத்தை நிற்பாட்டுவது. பிறகு எல்லாம் வடிவாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திரும்ப நாங்கள் புத்தூருக்குத்தான் போன் எடுக்க வேண்டும்.

அப்டேற் போட்டால் மெசின் ஊமையாகிவிடும் என்பது அவர் கணக்கு. அது வருகிறது என்ற செய்தி அண்ணையின் காதுக்கு எட்டினால் போதும், குடாநாட்டுக்குப் புயல் எச்சரிக்கை கொடுத்தமாதிரி ஒவ்வொருவருக்கும் போன் போகும். "வருதாம் பிள்ளை. இன்ரநெற் வயரைக் கழட்டிப் போட்டு இரு!" கொழும்புத்துறையில் ஒரு சங்கீத ரீச்சர், அவரும் எங்கள் ஆள், அந்தப் பதற்றத்தில் பிறிட்ஜின் வயரைக் கழற்றிவிட்டார். மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கி வைத்த மீன் முழுவதும் பழுதாகி, பக்கத்து வீடுகள் யன்னல்களைச் சாத்தின. அண்ணை அதற்காக வருத்தப்பட்டாரா? "மீன் திருப்பி வாங்கலாம் ரீச்சர், மெசின் கதைக்குதெல்லோ?" என்றாராம்.

மென்பொருள் விசயத்தில் அவருக்குப் பஞ்சாங்கமும் துணை. எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருப்பதும், இரண்டும் ஒத்துப்போகாததும் உங்களுக்குத் தெரியும். அண்ணைக்கு இரண்டிலும் நல்ல நேரமாக இருக்க வேண்டும். தமக்கையார் இரண்டையும் வாசித்துச் சொல்ல, இவர் மெசினை நிற்பாட்டித் திரும்பப் போட, அதாவது ரீஸ்ராட் செய்ய, நேரம் குறிப்பார். திங்கட்கிழமை என்றால் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். அந்த நேரத்தில் மெசினைத் தொடுவது கிடக்கட்டும், அவர் வீட்டுப் படலையையே தாண்ட மாட்டார். ஒருமுறை நல்ல நேரத்துக்குக் காத்திருந்தே அவருடைய மெசின் ஒரு மாதத்துக்கு மேலே நிற்பாட்டாமல் ஓடியது. கடைசியில் மின்சாரசபைதான் கரண்டை வெட்டி அதை ரீஸ்ராட் செய்து வைத்தது.

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் திங்கள் காலை பத்தரைக்கு எனக்கு ஒரு நேர்முகத்தேர்வு இருந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மொழிபெயர்ப்பு வேலை. தேர்வும் கணினியிலேயே, இணைய அழைப்பில்தான். அவர்கள் அனுப்பும் பந்தியை அங்கேயே, அந்த நேரத்திலேயே மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னம் எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டேன். கண் தெரியாது என்று சொன்னதும் அவர்களுடைய குரல் இனிப்பாகிவிடும். பிறகு அறிவிக்கிறோம் என்பார்கள், அறிவிக்க மாட்டார்கள். இந்த நிறுவனம் மட்டும், "உங்களுக்குப் பழக்கமான மெசினிலேயே செய்யுங்கோ, எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்றது. அழைப்பு வந்த நாளிலிருந்தே எனக்கு அது போய்விடுமோ என்ற பயம்.

கிழமைக்கணக்காக அண்ணையின் கட்டளைப்படி "பிறகு, பிறகு" என்று நான் தள்ளிவைத்த அப்டேற், அந்தப் பின்னேரம் என்னைக் கேட்காமல் தானே தொடங்கி, தானே முடிந்தது. மெசின் திரும்ப எழும்பிய சத்தம் கேட்டது. விசையை அமத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. எல்லா விசையையும் அமத்தினேன். புத்தூருக்குப் போன் எடுத்தேன்.

"கதைக்குதோ?"

"இல்லை அண்ணை. அப்டேற் தானாப் போட்டுது."

மறுபக்கத்தில் "அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்கோ" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

தண்ணீர் குடித்து முடிந்ததும் வைத்தியம் தொடங்கியது. இந்த விசையை அமத்து, அந்த விசையையும் சேர்த்து அமத்து, சத்தத்தைக் கூட்டு, நிற்பாட்டிப் போடு. எதுவும் கேட்கவில்லை. அதற்கிடையில் பக்கத்து வீட்டு மலரக்கா கத்துவது வேறு கேட்டுக்கொண்டிருந்தது. அவவும் புருசனும் வழமைபோலச் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து, கேட்காதமாதிரி இருப்பதற்காக அம்மா ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டா. வேறு வழியில்லாமல் அண்ணை அம்மாவைத் திரை பார்க்கச் சொன்னார்.

"அம்மா, என்ன தெரியுது?"

"வடிவாக் கிடக்கு தம்பி. ஒரு மலை. அடியிலை தண்ணி."

"மலையை விடுங்கோ அம்மா. எழுத்து ஏதும் கிடக்கோ?"

"பொறும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்."

அம்மா கண்ணாடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் திரை அணைந்துவிட்டது. "இப்ப மலையையும் காணேல்லை" என்றா. அண்ணை அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

"தேர்வு எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு."

"திங்கட்கிழமை பத்தரையோ? ஐயோ, அது எமகண்டம் தொடங்கிற நேரமெல்லோ! உவங்களுக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ?"

ஆறுதல் தேடி எடுத்த போனை நான் இன்னும் கூடிய பயத்தோடு வைத்தேன். தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்தான். கேட்டால் என்ன நினைப்பார்கள்? கண் தெரியாத ஆளை எடுத்தால் இதுதான் கரைச்சல் என்று நினைப்பார்கள். அதுதான் முடிவு. எனக்குப் பிறகு விண்ணப்பிக்கிறவருக்கும் சேர்த்து அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

திங்கள் விடிந்ததும் திரும்ப விசைகளை அமத்தத் தொடங்கினேன். எட்டு மணி தாண்டிப் புத்தூருக்குப் போன் எடுத்தேன். தமக்கையார் எடுத்தா.

"அவன் வெளிக்கிட்டுப் போட்டான் பிள்ளை."

"எங்கை?"

"உங்கடை வீட்டைதான். எட்டு மணி பஸ்சிலை ஏறீட்டான். நான் கூட வாறன் எண்டு கேட்டன், வேண்டாமாம். போனையும் இஞ்சை வைச்சிட்டுப் போட்டான்."

எனக்கு மெசின் மறந்துபோயிற்று. தென்னைமரத்துக்குப் பயந்த மனிதர், புத்தூரிலிருந்து சுன்னாகம் வரை பஸ், அங்கிருந்து எங்கள் உடுவிலுக்கு ஓட்டோ. இடையில் எத்தனை நாய், எத்தனை வாய்க்கால்? நான் படலையடியில் போய் நின்றேன். போகிற வருகிற ஒவ்வொரு ஓட்டோவுக்கும் காது கொடுத்தேன். ஒன்பதரை தாண்டி ஒன்று வந்து நின்றது. "மெல்ல, மெல்ல, வாய்க்கால் கிடக்கோ தம்பி?" என்ற குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கையை நீட்டினேன். பிடித்தார். அந்தக் கை வேர்வையில் நனைந்து கிடந்தது.

"கதைக்குதோ?" என்று கேட்டார்.

உள்ளே வந்து இருந்ததும் அண்ணை எங்கள் வீட்டை ஒரு சத்திரசிகிச்சைக் கூடமாக மாற்றினார். மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னார், ரேடியோவை நிற்பாட்டச் சொன்னார், அம்மாவை அடுப்படியில் ஒன்றையும் தொட வேண்டாம் என்றார். பிறகு ஒரு விசையை அமத்தினார்.

பக்கத்து வீட்டிலிருந்து, "ஐயோ!" என்று ஒரு அலறல் கேட்டது.

அண்ணை பயத்தில் கதிரையோடு பின்னுக்குப் போனார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு விசையை அமத்தினார்.

"ஐயோ, முருகா! திரும்பவும் தொடங்கீட்டுது!"

அண்ணை நிமிர்ந்து இருந்தார். மூன்றாவது தரம் அமத்தினார். மலரக்காவின் அலறலும் வந்தது, ஒரு சட்டி விழுந்த சத்தமும் வந்தது. அந்த அலறலுக்கு முன்னால், வேலிக்கு அங்கால், மிகச் சன்னமாக ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னதை நானும் கேட்டேன். எனக்கு எந்த நேரமும் பழக்கமான குரல்.

"கதைக்குது பிள்ளை," என்றார் அண்ணை. "ஆனா இஞ்சை இல்லை. அங்கை!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சில நாளைக்கு முன்னம் மலரக்கா காலையில் பக்திப்பாட்டுப் போடுவதற்கென்று என்னுடைய வயரில்லா ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு போயிருந்தா. முந்தி மெசினோடு சேர்த்துப் பாவித்த ஸ்பீக்கர் அது. புதிய அப்டேற், வயரில்லாமல் சத்தத்தை அனுப்பும் புளூருத்தை, மெசினில் நான் நிற்பாட்டி வைத்திருந்ததை, தானே போட்டு, பழைய ஸ்பீக்கரைத் தேடிப்பிடித்து, சத்தம் முழுவதையும் வேலிக்கு அங்கால் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் கேட்டது புருசன் பெண்சாதி சண்டை இல்லை. நான் அமத்திய ஒவ்வொரு விசைக்கும் மலரக்காவின் அடுப்படியில் ஒரு வெள்ளைக்காரி பேசியிருக்கிறாள். அக்கா அவளுக்குத் திருநீறு போட்டு, சாம்பிராணி காட்டி, இரவு நான் மெசினை நிற்பாட்டிய பிறகும் பயம் போகாமல் ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டுப் படுத்திருக்கிறா. விடியப் பாட்டுக் கேட்கலாம் என்று, நான் மெசினைப் போடமுதலே அதைத் திரும்பப் போட, வெள்ளைக்காரியும் எழும்பிவிட்டாள்.

அம்மா ஓடிப்போய் ஸ்பீக்கரை நிற்பாட்டினா. அந்தக் கணமே மெசின் என் முன்னால் கதைக்கத் தொடங்கியது. அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அண்ணை அழ விடவில்லை.

"அழுறதெல்லாம் பேந்து. பத்து இருபதாப் போச்சு. கெதியா உள்ளுக்குப் போ. எமகண்டம் தொடங்கமுதல் நீ அங்கை இருக்கோணும்."

நான் நேரத்தோடு அழைப்புக்குள் போனேன். நேரத்துக்கு முன்னமே வந்ததற்கு அவர்கள் நன்றி சொன்னார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை. பந்தி வந்தது, மெசின் வாசித்தது, நான் மொழிபெயர்த்தேன். தான் மூச்சு விடும் சத்தம் மைக்கில் கேட்டுவிடும் என்று பயந்து அண்ணை முற்றத்தில் போய் இருந்தார். முடித்து வெளியே வந்தபோது மலரக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தா. திரும்பிப் போகும்போது அம்மா புத்தூர் வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தா. பஸ் நெடுக அவர் முன் இருக்கையின் கம்பியை விடவே இல்லையாம்.

வேலை கிடைத்தது. இந்தப் பத்தியையும் அந்த மெசினில்தான் எழுதுகிறேன். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போன் எடுத்தேன். "கதைக்குதோ?" என்றார். கதைக்குது என்றேன், வேலையும் கிடைத்தது என்றேன். நீண்ட பெருமூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் அன்றிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் அண்டைக்கு எட்டு மணிக்கெல்லோ பஸ் ஏறினது?"

"ஓம்."

"திங்கட்கிழமை எட்டு மணி ராகுகாலமெல்லோ?"

அவர் தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"தெரியும் பிள்ளை. அது முடியுமட்டும் காத்திருந்தா, உனக்குப் பிந்திப் போயிருக்குமெல்லோ?"