புல்லட்டுக்குப் போட்ட சீர்க்கட்டு

படகில் ஏற்றிய மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்துவதே பத்திரம் என்று மனிதகுலம் நம்பி வருகிறது. இது பெரும் பிழை. படகு ஆடினால் நடு ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும். பக்க ஸ்டாண்டு, முதல் கியர், இரண்டு பக்கமும் கயிறு: இதுவே முறை. செக்காலையில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் சொக்கு, ஊர் திரும்பும் வழியில், கொச்சியில் வண்டிகளை ஏற்றிப்போகும் படகில் நின்று இதைக் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தகுதி அவருக்கு உண்டு. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சீர்ச் சாமான் ஏற்றிய லாரிக்குக் கட்டுப் போடுபவர் அவர்தான். அவர் கட்டினால் கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை ஒரு கரண்டி வாய் திறக்காது.

"கண்ணம்மை, முதல் ஆளா ஏத்திட்டேன் பாரு. முதல் ஆளா இறங்குவேன்."

"இறங்கலேன்னா?" என்றாள் மனைவி.

"ஊர் வரைக்கும் நீயே ஓட்டு. நான் பின்னால உக்காந்து வாரேன்."

லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அவள் கேட்டது அதைத்தான். பின்சீட்டில் உட்கார்ந்து செக்காலைக்குள் போவதைப் பக்கத்துக் கடைக் காசி பார்த்தால் மானம் என்ன ஆவது என்று இவர் மறுத்துவந்தார். இன்று தோற்க வழியே இல்லாததால் தாராளமாக இருந்தார்.

"சத்தியமா?"

"சத்தியம்!"

கைப்பிடியிலிருந்து படகின் கம்பிக்கு ஒரு கட்டுப் போட்டார். படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வேண்டா சேட்டா. இப்போ அக்கரை எத்தும்."

கட்டே வேண்டாம், இதோ கரை வந்துவிடும் என்ற அந்த அறியாமைக்காக சொக்கு அவரை மன்னித்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் கண்ணம்மை. "நம்ம கல்யாணச் சீருக்கு, மாப்பிள்ளையே வந்து கட்டினீகளே, அந்தக் கட்டு?"

"அது லாரிக்குப் போடுறது."

"அப்ப உங்க புல்லட்டு லாரியவிட மட்டமா?"

சொக்குவின் மார்பு விரிந்தது. கயிறு வண்டியைச் சுற்றியது, கம்பியைச் சுற்றியது, முடிச்சின்மேல் முடிச்சு ஏறியது.

"பின் சக்கரம் லேசா ஆடுதே?"

ஆடவில்லை. ஆனாலும் அதற்கும் ஒன்று போட்டார். நிமிர்ந்தபோது அக்கரை வந்திருந்தது.

ஸ்கூட்டர்கள் இறங்கின. ஆட்டோக்கள் இறங்கின. மீன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. சொக்கு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார். கட்டு அசையவில்லை.

"என்னாங்க, அவுக்கத் தெரியுமுல்ல?"

அவர் வாழ்நாளில் ஒரு கட்டையும் அவிழ்த்ததில்லை. கட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்த வீட்டில் அரிவாள்மணையால் அறுத்துக்கொள்வார்கள். அவர் கல்யாணச் சீர்க்கட்டை அறுத்தவள் கண்ணம்மைதான்.

மற்ற வண்டிகளெல்லாம் இறங்கிவிட்டன; எதிர்க்கரைக்குப் போக வேண்டியவை கரையில் உறுமிக்கொண்டிருந்தன.

"சாவியக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவள் கைப்பையைத் திறந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்தாள்.

"அடிப்பாவி, கத்தி வச்சிருந்தியா? முன்னாடியே குடுத்திருக்கலாமுல்ல?"

"குடுத்திருந்தா நீங்கள்ல முதல்ல இறங்கியிருப்பீக!"

மறுநாள் சாயங்காலம் புல்லட் செக்காலைக்குள் நுழைந்தது. டீக்கடை வாசலில் இருந்த காசி எழுந்து கும்பிட்டார்.

"வாங்க ஆச்சி. பின்னால யாரு, விருந்தாளியா?"