கித்தான் வாத்தியாரின் தலைதீபாவளி

பெற்ற பிள்ளையைக்கூட எவரும் அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கித்தான் துணிக் கூடாரத்தைக் கித்தான் வாத்தியார் அப்படி வளர்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போவில் சாரணர்களாக இருந்த நாங்கள் அவரிடம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே படுக்கக் கூடாது. நனைந்த கித்தானை உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுகும் என்பார். உண்மைதான். அதற்காக எங்கள் கைகளை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிப் படுக்கவைப்பதா? கொசு கடித்தால் சொறிந்துவிட அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஈரக் கித்தானை மடிக்கக் கூடாது என்பது. இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு அடைமழைக் காலத்தில் எங்களைச் சிம்பாங் பூலாய்க்கு முகாம் கூட்டிப்போனார். காலையில் காயும், மடிக்கப் போனால் கொட்டும். சனி, ஞாயிறு முகாம் வாரம் முழுக்க இழுத்தது. அரிசி தீர்ந்து மரவள்ளிக்கிழங்குக்கு வந்துவிட்டோம். விடிந்தால் தீபாவளி.

கேட்டேவிட்டேன். "நாளைக்குத் தீவாளி சார். எங்கம்மா வாசல்லயே நிப்பாங்க."

"தீவாளி வருசா வருசம் வரும்லா. கித்தான்ல பூசணம் பிடிச்சா போகுமா?"

சொன்னவருக்கு அது தலைதீபாவளி! கமுந்திங்கில் மாமனார் வீட்டில் பலகாரம் சுட்டுக் காத்திருக்கிறார்கள். ஈப்போவில் புது மனைவி பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார். இந்த மனிதரோ துணியைத் தடவிக்கொண்டிருக்கிறார். எங்களில் சின்னவன் மாணிக்கம் அழுத பிறகுதான் இறங்கிவந்தார். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கூடாரத்தோடு தங்கிவிட்டார்.

மறுநாள் புதுச்சட்டை போட்டும் எனக்கு அந்த மனிதர் நினைப்பாகவே இருந்தது. அந்த ஆத்திரத்தோடே முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு திரும்ப நடந்தேன். போய்ப் பார்த்தால், அவர் மனைவி எங்களுக்கு முன்பே மாட்டுவண்டி பிடித்து வந்திருந்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடாரத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையில் வாத்தியார்.

"கசக்காம இழும்மா," என்றார் அவர்.

"அப்பா கேட்டா, இந்த வருசம் கூடாரத்துக்குத்தான் தலைதீவாளின்னு சொல்லிடுறேன்," என்றார் அந்த அம்மா. எங்களைப் பார்த்ததும் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்.

இப்படியொரு மனிதரிடம் போய்ப் படித்தோமே என்று இன்றும் வயிறு எரிகிறது. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்று அதைவிட எரிகிறது.