மாப்பிள்ளை கொடுத்த வண்டியில் கரண்ட் ஜாஸ்தி

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மதியழகன் அவர்களுக்கு மச்சான் சம்பத் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சங்கீதாவும் சுகம். சென்னையில் நீங்களும் தங்கை பாரதியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். புது வண்டி வாங்கியதும் உங்கள் பழைய மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்தீர்களே, அதுதான் சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் நடுவில் பாரதி வாங்கி, உங்கள் புது வண்டியின் கஷ்டத்தைச் சொல்லி அழ ஆரம்பித்துவிடுகிறாள். என் கஷ்டம் ஆறிப்போகிறது. அதனால்தான் கடிதம்.

வண்டி வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டித்தான் உள்ளே விட்டோம். சங்கீதா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள், சும்மா இருப்பாளா? மிச்சத் தோலில் சீட்டுக்கு உறை, டேங்குக்கு உறை, கைப்பிடிக்கு உறை, எல்லாம் இரட்டைத் தையல். இன்ஜினுக்கு முன்னால் வரிவரியாக ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறதல்லவா, மழையில் நனையுமே என்று அதற்கும் பட்டன் வைத்து ஒரு சட்டை. உங்கள் புது வண்டிக்கும் அதே மாதிரி ஒரு செட் தைத்து அனுப்பினாள். நாங்கள் மனசில் எதையும் வைத்துக்கொள்கிறவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் ஹெட்லைட் பல்பு போயிற்று. மாற்றினேன், அதுவும் போயிற்று. ஹாரன் லாரிக்குப் போட்டியாக அலறியது. பேட்டரி கொதித்து ஆசிட் வழிந்து என் பேன்ட்டில் ஓட்டை. பேட்டரி வீக்காகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி மெக்கானிக் ஆபித் பாஷாவிடம் போனேன். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, கரண்ட் ஜாஸ்தி ஆவுது" என்றார். "ஜாஸ்தின்னா நல்லதுதானே பாய்?" என்றேன். "பதினாலு, பதினாலரை வோல்ட் இருக்கணும்ணா. பதினேழு காட்டுது, பேட்டரி எப்டி தாங்கும்?" நானோ கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறவன். சாம்பார் கம்மி என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஜாஸ்தி என்று யாரும் வந்ததில்லை. வீட்டில் ஃபேன் சுற்றக்கூடப் போதாத கரண்ட் வண்டியில் மட்டும் எப்படி வழிகிறது என்று யோசித்து எனக்குத் தலையே சுற்றுகிறது.

அந்த வரிப்பெட்டிதான் ரெகுலேட்டராம், கரண்டை அளந்து விடுகிறதாம். புதிது மாட்டினார். பாய் கை எண்ணெய் படக்கூடாது என்று முன்னாலேயே கழற்றி வைத்திருந்த சட்டையைச் சங்கீதா மறுபடி போட்டுவிட்டாள். அப்புறமும் அதே பேஜார்தான். வாணியம்பாடி போய் வருவதற்குள் பல்பு அவுட். பாஷாவிடம் போய், எண்ணெய்க்குப் பயந்து மறுபடி சட்டையைக் கழற்றி வைத்து, டீ குடித்துவிட்டு மீட்டர் வைத்தால் பதினாலு! "என்கிட்ட நல்லாத்தான்ணா இருக்குது, உங்ககிட்ட போனாதான் இப்டி பண்ணுது" என்கிறார். போன வாரம் நீங்களும் போனில், "எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு மச்சான்" என்று சிரித்தீர்கள். அப்படியென்றால் கெடுத்தது நானா? அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, வண்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பாப்பாவின் காது குத்துக்கு நான் வரப்போவதில்லை. தாய்மாமன் மடி வேண்டுமென்றால், நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்த வேறு யாராவது மடியில் உட்காரவைத்துக் குத்திக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த தோடு பீரோவிலேயே கிடக்கட்டும். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பாரதிக்கும் பாப்பாவுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
இனி உங்களுக்கு மச்சான் அல்லாத
சம்பத்

பின்குறிப்பு (இதை முதலில் படிக்கவும்): காட்பாடி ஸ்டேஷன் பக்கத்துத் தபாலாபீசில் போட்டால் சீக்கிரம் வந்து சேருமே என்று சங்கீதாவை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தேன். வண்டியை நிறுத்தியதும் அவள் மூக்கைச் சுளித்தாள். "இன்னாங்க, நம்ம ஊரு வாசனை இங்க எப்டி வருது?" ஆம்பூரில் தோல் வாசனை வந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? குனிந்து பார்த்தால் அலுமினியப் பெட்டியின் சட்டை கருகிக்கொண்டிருக்கிறது. பாஷாவுக்கு போன் போட்டேன். "சட்டையா? அதுக்கு எதுக்குண்ணா சட்டை? காத்து பட்டு சூடு ஆறத்தான் வரிவரியா வெச்சிருக்கான். சூடு ஏறினா அது எப்டி வேல செய்யும்? கழட்டுங்க மொதல்ல!" கழற்றி, ஆறவிட்டு, சித்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். ஹாரன் பெண் பார்க்க வந்தவர் மாதிரி அடக்கமாகப் பேசுகிறது.

அதனால் மேலே எழுதியதெல்லாம் ரத்து. தோடும் வருகிறது, மடியும் வருகிறது. எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் கவரைப் பிரித்து இதை மட்டும் சேர்த்திருக்கிறேன். இன்னொன்று. புது வண்டியில் பல்பு நிற்கவில்லை, நீங்கள் ஷோரூம்காரனோடு மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று பாரதி அழுதாளே, அதன் காரணம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சங்கீதா தைத்து அனுப்பிய சட்டையைக் கழற்றிவிடுங்கள் மாப்பிள்ளை. அதுவரை ஷோரூம்காரனுக்குக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம்.