கேஜ் சார் நிறுத்திய நேர்காணல்

ஓசூரில் கேஜ் சார் குறை சொல்லாத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

அவரை வைத்து என்ன செய்யலாம் என்கிற யோசனை எனக்குப் பளிச்சென்று உதித்தது எங்கள் கம்பெனி கேன்டீனில். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு மெதுவடையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, ஓட்டை நடுவுல இல்ல. இந்தப் பக்கம் கனம், அந்தப் பக்கம் சன்னம். ரெண்டும் எப்படி ஒண்ணா வேகும்?”

“சார், அது வடை சார்.”

“வடைன்னா? வடைக்கு அளவு கிடையாதா?”

சொல்லிவிட்டு அதைச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டார். இந்த மனிதரை என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிறது. அவர் அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். செய்த பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று பொருத்திப் பார்க்கிற கருவிக்குக் கேஜ் என்று பெயர். பொருந்தினால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். அப்படி ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார் என்று சொல்வார்கள். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நான் இன்ஜினீயரிங் முடித்த கையோடு, கம்பெனி செலவில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவன். அரசு மேல்நிலைப் பள்ளி ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு எதற்கு, எப்படி விண்ணப்பிப்பது, நாலு பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்போம். வருடக் கடைசியில் ஒரு நேர்காணல் நடக்கும். அதில் தேறும் சிலருக்குக் கல்லூரிச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

சிக்கல் என்னவென்றால், ஆபீசிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். பிள்ளை வாயைத் திறந்தால் “சூப்பர்!” என்பார்கள். திறக்காவிட்டால் “பரவால்ல, சூப்பர்!” என்பார்கள். அந்தச் சூப்பர்களை நம்பி வெளியே நேர்காணலுக்குப் போன பிள்ளைகள், முதல் கேள்விக்கே வியர்த்துத் திரும்பி வந்தார்கள். எனக்குக் குறை சொல்கிற ஆள் தேவைப்பட்டார். இந்த மாவட்டத்திலேயே அதற்கு ஒரே ஒருவர்தான்.

“ஸ்பீச்சு கீச்செல்லாம் குடுக்க மாட்டேன் தம்பி,” என்றார். “வேணும்னா செக் பண்ணித் தரேன்.”

செக் பண்ணினார். தொழிற்சாலையில் குறையுள்ள பாகத்தில் அட்டை கட்டுவார்கள். மஞ்சள் என்றால் திருத்தி எடுக்கலாம், அதற்கு ரீவொர்க் என்று பெயர். சிவப்பு என்றால் குப்பை. நல்ல பாகத்துக்கு எந்த அட்டையும் கிடையாது, அது பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். கேஜ் சார் ஒரு கட்டு மஞ்சள் அட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“கண்ணப் பாத்துப் பேசல. ரீவொர்க்.” சட்டைப் பொத்தானில் ஓர் அட்டை.

“நான் கேள்விய முடிக்கல, நீ பதில முடிச்சிட்ட. ரீவொர்க்.” இன்னொன்று.

வரவேற்புரை ஆற்றிய தலைமையாசிரியரின் மைக் கரகரத்தது. அதன் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. அன்று தப்பித்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான், அவர் லீவில் இருந்தார்.

முதல் வாரம் இரண்டு பேர் அழுதார்கள். அடுத்தடுத்த வாரங்களில், “டேய், எனக்கு ரெண்டுடா, உனக்கு?” என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் பயந்துகொண்டே இருந்தேன்.

“சார், எப்பவாச்சும் அந்தச் செவப்ப எடுத்துடாதீங்க, பசங்க தாங்க மாட்டாங்க.”

“கொண்டாந்தாத்தான எடுக்கறதுக்கு?” என்று எரிந்து விழுந்தார். “பசங்களை யாராச்சும் குப்பையில போடுவாங்களா? இன்ஜினீயரிங் படிச்சியா, இல்ல சும்மா போய்ட்டு வந்தியா?”

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம், தளிப் பக்கத்திலிருந்து ஒருவர் கோஸ் மூட்டை கட்டிய வண்டியோடு பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கோபத்தில் தமிழ். கையில் ஒரு மஞ்சள் அட்டை.

“என்னா சார் இது? மார்க்கெட்டுக்கு மூட்டை அனுப்பற மாதிரி எம்பொண்ணு மேல சீட்டு கட்டி வுட்டிருக்கீங்க?”

“எந்தப் பொண்ணு?” என்றார் கேஜ் சார்.

“நேத்ரா.”

“குரல் சத்தம் பத்தல. அது ஒண்ணுதான். உங்க வண்டியில பின்னாடி லைட்டே எரியல, அதப் பாத்தீங்களா?”

அவர் திரும்பி லைட்டைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் கோபம் இறங்கிவிட்டது. மரத்தடிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

“நேராவே சொல்லிடறேன் சார். செல்போன் கம்பெனி பஸ்ஸு எங்க ஊருக்கே வருது. ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுங்கள ஏத்திக்கினு போய் ஆஸ்டல்ல தங்க வெச்சு வேலை குடுக்கறாங்க. எங்கண்ணன் பொண்ணு போய்ட்டா. உங்க கம்பெனி இவளச் சேத்துக்கிச்சுன்னா படிக்கட்டும். இல்லன்னா அவளும் பஸ்ஸு ஏறிடுவா. அப்புறம் யாரும் வந்து எதுவும் பேசப் பேடா, பேச வேணாம்.”

கொஞ்சம் தள்ளி நேத்ரா நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அப்பா போன பிறகு கேஜ் சாரிடம் வந்து, இருக்கிற குரலில், “அந்த வேலை கெட்டதில்லீங்க சார். எனக்குப் படிக்கணும், அவ்ளோதான்” என்றாள்.

“சத்தமா சொல்லு.”

“படிக்கணும் சார்!”

அவர் அட்டை கட்டவில்லை.

அதற்கடுத்த வகுப்பில் அவர் ஓர் இரும்புப் பாகத்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, “இதுல என்ன குறை?” என்று கேட்டார். ஓரம் பிசிறு என்றான் ஒருவன். கீறல் இருக்கிறது என்றாள் ஒருத்தி. எடை குறைவு, வண்ணம் மட்டம், துரு என்று வகுப்பே அந்தப் பாகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியது. நேத்ரா மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நல்லாத்தான் சார் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அது நல்ல பாகம்தான். மற்ற எல்லாரும் பயத்தில் குறையை உண்டாக்கியிருந்தார்கள். வெளியே வரும்போது கேஜ் சார், “அந்தப் பொண்ணு தேறும்” என்றார். அவர் வாயிலிருந்து ஒருவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

நேர்காணல் நாள். கம்பெனியின் ஏசி அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் எச்.ஆர். மேடம், கேஜ் சார், நான். எச்.ஆர். மேடம் சென்னைக்காரர், சிரித்த முகம், பிள்ளைகள் மேல் நிஜமான அக்கறை உள்ளவர். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பலவீனம் என்ன? ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?

நேத்ரா வந்தாள். பெயரைச் சொன்னாள். ஐந்து வருடக் கேள்விக்கு எதிரிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தேங்க் யூ சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மதியம் பிள்ளைகளைக் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு மதிப்பெண்களைக் கூட்டினோம். நேத்ரா தேறுகிற கோட்டுக்குக் கீழே இருந்தாள். மேடம் பேனாவை மூடினார். வெளியே கேட் அருகே அவளுடைய அப்பா வண்டி மேல் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

தொழிற்சாலையில் ஓடுகிற உற்பத்தியை நிறுத்தச் சொல்வதுபோல் கேஜ் சார் எழுந்து நின்றார். “மேடம், லைன நிறுத்துங்க.”

“சார்?”

“போன வாரம் வரைக்கும் அளவுல இருந்த பீஸு இன்னிக்கு வெளிய போயிருக்கு. ஒரு வாரத்துல பீஸு மாறாது. கேஜ்தான் கெட்டிருக்கு.”

“நீங்களும்தான் சார் அவளுக்கு மார்க் கம்மியா போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம். அந்தக் கேஜுல நானும் ஒரு பார்ட்டு. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.”

கேஜ் மேல் சந்தேகம் வந்தால் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சரியானது என்று ஏற்கனவே உறுதியான ஒரு பாகத்தைத் தனியாகப் பூட்டி வைத்திருப்பார்கள். அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பெயர். அதைக் கேஜில் வைத்துப் பார்ப்பார்கள். அதையே கேஜ் தள்ளிவிட்டால், கோளாறு கேஜில்தான்.

“இந்தக் கம்பெனில சந்தேகமே இல்லாத நல்ல பீஸு யாரு?” என்று கேட்டார்.

மேடம் யோசிக்கவே இல்லை. “நம்ம பிளான்ட் ஹெட்தான்.”

“கூப்புடுங்க.”

பிளான்ட் ஹெட் திருநெல்வேலிக்காரர். ஒன்றுமில்லாத கட்டாந்தரையில் இந்தத் தொழிற்சாலையை எழுப்பியவர். ஏதோ விபத்து என்று நினைத்து வேகவேகமாக வந்தவரைப் பிள்ளைகள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தார் கேஜ் சார். விஷயத்தைச் சொன்னார். எனக்கு வேலை போகப்போகிறது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மேடம் தயங்கித் தயங்கி முதல் கேள்வியைக் கேட்டார். “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப், சார்.”

“என்னத்தம்மா சொல்ல? ஒனக்குத் தெரியாதா?”

கேஜ் சார் மார்க் போட்டார். குறைவாக.

“உங்க பலவீனம், சார்?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “கஸ்டமர் லைன்ல வெயிட் பண்ணுதான். இப்ப அதான் பலவீனம்.”

“அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?”

“ரிட்டயர்டாயி ஊர்ல வயலப் பாத்துட்டுக் கெடப்பேன். ஏன்யா, என்னய அனுப்பப் போறீயளா?”

கூட்டிப் பார்த்தோம். பிளான்ட் ஹெட் நேத்ராவைவிடக் கீழே இருந்தார்.

கேஜ் சார் அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “சார், நம்ம கம்பெனில நீங்க தேறல.”

முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு சிரிப்பு நின்றது. “நெட்டுல இருந்துதான் எடுத்தேன் இந்தக் கேள்வியெல்லாம்,” என்றார் மெதுவாக. பிளான்ட் ஹெட் எழுந்திருக்கவில்லை. “கஸ்டமர வெயிட் பண்ணச் சொல்லு,” என்று என்னிடம் சொன்னார்.

கெட்ட கேஜ் எதை அளந்திருந்தாலும் அத்தனையையும் மறுபடி அளக்க வேண்டும். அதுதான் விதி. தேறியவர்கள், தேறாதவர்கள் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டோம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்றோம். ஒரே கேள்வி, கேஜ் சாருடையது: “நீ செஞ்சு கெட்டுப்போன வேலை ஒண்ணு சொல்லு. அப்புறம் என்ன பண்ண?”

நேத்ரா பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, தான் நட்ட ரோஜாப் பதியன்கள் எல்லாம் கருகிப்போன கதையைச் சொன்னாள். பாசத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக விட்டிருக்கிறாள். அடுத்த தடவை ஒரு பாத்திக்கு நிறைய, ஒரு பாத்திக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு மிகக் கொஞ்சம் என்று பிரித்து விட்டுப் பார்த்திருக்கிறாள். “கொஞ்சமா வுட்டதுதான் சார் பூத்துச்சு. அம்மா இப்பவும் என்னக் கேட்டுத்தான் தண்ணி வுடும்.” பிளான்ட் ஹெட் மேஜை மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் குரல் கதவுக்கு வெளியே வரை கேட்டிருக்கும்.

அவள் தேறினாள். கேட் அருகே அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் எங்களைப் பார்த்து வண்டியின் பின் லைட்டைக் கையால் தட்டிக் காட்டினார். எரிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இடங்களின் எண்ணிக்கை மாறவில்லை. நேத்ரா பட்டியலுக்குள் வந்தபோது காலையில் உள்ளே இருந்த ஒரு பையன் வெளியே போனான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. காலையில் தான் தேறியிருந்தது அவனுக்குத் தெரியாது. தேறவில்லை என்றதும் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான். அவன் போவதைக் கேஜ் சார் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தப்பு நம்ம மேல இல்ல சார். ரெண்டாவது தடவை பாத்ததுதான் சரி,” என்றேன்.

“சரிதான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் இல்ல?”

சில வாரங்கள் கழித்து அந்தப் பையன் போன் செய்தான். “அண்ணா, அந்த அட்டை கட்ற சார் வீட்டுக்கே வந்துட்டாருண்ணா. கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிடெக்னிக்ல சேக்கறதுக்கு லீவு போட்டுக் கூட்டிக்கினு போனாரு. குருபரப்பள்ளில பஸ்ஸு நின்னுச்சு, டீ வாங்கிக் குடுத்தாரு, டீக்கடைக்காரன்கூட சண்டை போட்டாரு. வரிசையில எனக்கு முன்னாடி நின்னு, நிழலே இல்ல, சேர் இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு. சீட்டு கெடச்சிருச்சுண்ணா. ஆனா எனக்காக எதுக்குண்ணா இவ்ளோ பண்றாரு?”

“நல்லாப் படிடா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இப்போது நேத்ராவும் சரி, அவனும் சரி, மூன்றாம் வருடம் படிக்கிறார்கள். இதை எழுதலாமா என்று கேஜ் சாரிடம் கேட்டேன். “எழுது. அவன் பேர மட்டும் போடாத. இப்ப தெரிஞ்சாலும் அவன் தாங்குவான்,” என்றார்.

இந்த வருடம் நேர்காணலைத் தளிக்கே கொண்டுபோகிறோம். கேள்விகளை முதலில் எங்கள் மேலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடப் போகிறோம். எனக்கு இன்னொன்றும் செய்து பார்க்க ஆசை. கோட்டுக்குக் கீழே முதலாவதாக நிற்கப்போகும் பிள்ளை யாராக இருந்தாலும், அதைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, ஓர் இடம் வாங்காமல் விடக்கூடாது. கம்பெனி அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. என் லீவில் போய்க்கொள்கிறேன் என்று கேஜ் சாரிடம் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை குறை கண்டுபிடித்தாரோ தெரியாது.

“தனியாப் போயிடாத தம்பி,” என்றார். “உனக்கு வரிசையில நிக்கவே தெரியாது. நானும் வரேன்.”