இடுப்பளவு எழுதிய மாத மடல்

சம்பளத்தை வெளியே சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளும் ஆண்கள், இடுப்பளவைச் சொன்னால் பொறுப்பதில்லை. இந்த உண்மையை அறுபது தபால் அட்டைகள் போட்டு, ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டவள் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகிக் கடத்தூருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் ஜாபர் பேன்ட், சட்டை தைக்கும் டெய்லர். நான் வந்த நேரமோ என்னவோ (மாமியார் அப்படிச் சொல்லவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன்), பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ரெடிமேடு துணிக்கடை திறந்தார்கள். எங்கள் கடைக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது.

"இப்படியே போனா பெங்களூரு கம்பெனிக்குத்தான் தைக்கப் போவணும். நீ அம்மா கூட இங்கியே இரு" என்றார் ஜாபர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது நான் தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். (ரெண்டு பேப்பர் அரியர். யாரும் கேக்கல, நானும் சொல்லல.) பாடத்தில் ஓரிடத்தில், வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவரைத் தனியாக நினைவில் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும் என்று இருந்தது. படித்த கணமே பெங்களூரை ஜெயித்துவிட்டதாக முடிவு செய்தேன்.

"மாசா மாசம் லெட்டரா? கல்யாணத்துக்கு முன்ன எனக்கே நீ ஒண்ணுதான் போட்டே" என்றார் ஜாபர். ஆனாலும் அளவு நோட்டைக் கொடுத்தார்.

நோட்டில் பெயர், முகவரி, அளவு எல்லாம் இருந்தன. புது காலர் மாடல் வந்திருக்கிறது, பண்டிகைக்கு முன்பே துணி கொடுங்கள் என்ற பொதுச் செய்தியை அட்டைகளில் அச்சடித்து வாங்கினோம். கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவைக் கைப்பட எழுதினேன். ஒரு அட்டையில் இப்படி: 'போன வருடம் தங்கள் இடுப்பு 34. இந்த வருடம் 40. தங்களை நாங்கள் மறக்கவில்லை.'

ஜாபர் அசந்துபோகட்டும் என்று, காட்டாமலேயே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். கவரில் வரும் கடிதத்தைப் பிரிப்பவர்தான் படிப்பார். தபால் அட்டையோ, தபால்காரரும் பெட்டிக்கடைக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் படித்து முடித்த பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் வந்தார். (அந்த நாற்பது அவருடையது.) நான் கடையின் பின்பக்கம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஜாபர், உங்க லெட்டர் கெடச்சது. ஸ்டாஃப் ரூமுக்கு மொதல்ல கெடச்சது."

அட்டையை வாங்கிப் படித்த ஜாபரின் முகம் வெளிறியது. பிறகு, எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு பொய் வந்தது.

"டேப்புங்க சார். பழசாகிச் சுருங்கிப் போச்சு. சுருங்குன டேப்புல அளந்தா கூடத்தானுங்களே காட்டும்?"

ஹெட்மாஸ்டர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். யோசித்துப் பார்த்து, "கணக்கு சரியாத்தான் வருது" என்று முகம் தெளிந்தார். புது டேப்பில் அளக்கச் சொன்னார். ஜாபர் இறுக்கிப் பிடித்து "முப்பத்தெட்டு" என்றார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பேன்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

வாரம் முழுக்க ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அதே டேப் கதைதான். சிலர் சமாதானமாகித் துணி கொடுத்தார்கள். சிலர் நேராக ரெடிமேடு கடைக்கே போனார்கள்.

"மெஹரு, பாடத்துல இதெல்லாமா போட்டிருந்துச்சு?"

"ஞாபகம் வெச்சிருக்கோம்னு காட்டச் சொல்லியிருந்துச்சுங்க."

"காட்டிட்டே" என்றார்.

ஆறாம் நாள் ஒரு அம்மா கையில் அட்டையோடு கடையேறினார். மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்த சவரிமுத்துவின் தாயார். நோட்டில் மகன் கொடுத்திருந்தது சொந்த ஊர் முகவரி என்பதால் அட்டை அங்கே போயிருந்தது. 'போன வருடம் 36. இந்த வருடம் 32.' தபால்காரர் வாசித்துக் காட்டினாராம்.

ஜாபர் பழக்கத்தில், "டேப்பு சுருங்கிப் போச்சுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சுருங்குன டேப்புல கூடத்தான காட்டும்? அப்போ எம் மவன் இன்னும் எளைச்சிருக்கானா?"

ஜாபர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார்.

"பொங்கலுக்கு வந்தப்பக் கேட்டேன். டூட்டி ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்லன்னான். நாலு அங்குலம்னா எவ்ளோங்க? காட்டுங்க."

ஜாபர் டேப்பை விரித்துக் காட்டினார். அந்த அம்மா நாலு அங்குலத்தையும் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பட்டனைக் கீழே வைத்தேன். அடுத்த பஸ்ஸில் அவரோடு மொரப்பூர் போனேன்.

சவரிமுத்து எங்களைப் பார்த்ததும் கோபப்பட்டார். "டெய்லர் சொன்னாருன்னு டாக்டர்கிட்டப் போவாங்களாம்மா?"

"போவாங்க. கெளம்பு."

தருமபுரியில் ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஆபத்து என்றாராம் டாக்டர். மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேலை செய்தன. அடுத்த வருடம் அளந்தபோது முப்பத்து நாலு.

இந்தச் செய்தி என் அட்டைகளைவிட வேகமாக ஊர் சுற்றியது. "எனக்கும் ஒருக்கா அளந்து பாருங்க" என்று புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் துணியோடும் வந்தார்கள். ஜாபர் பெங்களூர் போகவில்லை. மாத மடலும் பல வருடம் போனது. (அளவு இல்லாமல். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜாபர் சத்தமாக வாசித்துப் பார்ப்பார்.)

சவரிமுத்து ரிட்டயர் ஆகிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்தோடு 'இடுப்பு 34, மாற்றமில்லை' என்று இன்றும் எழுதுகிறார். எங்கள் மகளும் போன் செய்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை, "எத்தனை அங்குலம்மா?" என்றுதான் கேட்பாள். போன மாதம் நான் உண்மையைச் சொன்னேன்.

"டேப்பு சுருங்கியிருக்கும்மா" என்றாள்.