பஃப் கை அம்மாவின் முந்தி

காஞ்சிபுரத்துக்கு வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு. பஃப் கை அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் போனவர் ஒருவரும் கிடையாது. இது சத்தியம். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள்.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்துப் பக்கம், வாடகை வீடு ஒன்றில் எங்கள் கிளை நூலகம். அவர் நூலகர், நான் உதவியாளர். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

ஊரெல்லாம் நைலெக்ஸ் என்கிற நைலான் சேலைப் பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. பட்டு நெய்கிறவர்கள் வீட்டுப் பெண்களே நைலெக்ஸ் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். இவரோ தம் அம்மா காலத்துப் பட்டுச் சேலையில் வேலைக்கு வருவார். தோளில் பலூன் மாதிரி உப்பிய பஃப் கை ரவிக்கை. இடது தோளில் கல் வைத்த புரோச். இடுப்பில் சங்கிலி போட்ட கடிகாரம். மூக்கில் வட்டக் கண்ணாடி. அதன் வலது காம்பு என்றோ உடைந்து, வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தது. சேலைப் பெட்டிக்கும் புத்தக அலமாரிக்கும் ஒரே அந்துருண்டைதான் போடுவார். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மோப்பம் பிடித்தால் நிற்பது அலமாரியா அம்மாவா என்று சொல்ல முடியாது.

"மேடம், ஒரு நைலெக்ஸ் வாங்கிக் கட்டக்கூடாதா? அலசிப் போட்டா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவர் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்க இருக்கிறதெல்லாம் நம்மைவிட வயசுல மூத்ததும்மா. அதுங்க முன்னாடி பளபளன்னு வந்து நின்னா மரியாதையா இருக்குமா?"

மரியாதைக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நுழைந்தால் முதலில் வலது பஃப் மாட்டும், அதை விடுவித்தால் இடது மாட்டும். மின்விசிறியைப் போட்டால் இரண்டு கைகளும் காற்றை வாங்கி உப்பிக்கொள்ளும். ஆள் எழும்பிப் பறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அதனால் சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிடுவார். வெந்தது நான்.

மாலையில் மூடும் நேரம் வந்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கடிகாரத்தை எடுத்து, மூடியை 'டக்' என்று சாத்துவார். வாசகர்கள் எழுந்துவிடுவார்கள். எங்கள் வாசகர் ஒருவர் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து இலைக்காரர் மூக்குப்பொடி டப்பாவை 'டக்' என்று மூட, இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டாராம்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. தறி போட்டிருக்கும் குழியில் தண்ணீர் ஊறினால் நெசவு நின்றுபோகும். வேலையில்லாத நெசவாளர்கள் ஒதுங்க இடம் தேடி எங்கள் நூலகத்துக்குள் வந்தார்கள். வந்தவர்கள் அம்மாவின் சேலையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், மறுநாள் நாற்காலி போதவில்லை.

வந்த கூட்டத்துக்குத் தலைவர் கண்ணப்பன். நாற்பது வயது, பெரிய மீசை. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் மேல் விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். விரல் மட்டும் தொடையில் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும்.

"பேப்பரை நேரா பிடிங்க" என்பார் அம்மா.

"பரவால்லமா. இப்படியே நல்லா தெரியுது."

பத்து நிமிஷம் கழித்து அவரே எழுந்து வருவார். "மேல் தட்டுலேர்ந்து ஒரு புஸ்தகம் எடுத்துக் குடுமா."

"எந்தப் புத்தகம்?"

"எதுன்னாலும் சரி. மேல இருந்தா போதும்."

அம்மா முக்காலியில் ஏறித் திரும்பி நின்று கையை உயர்த்துவார். முதுகில் முந்தி முழுசாக விரியும். அறையில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. கண்ணப்பன் இப்படியே கால்நடை நோய்கள், வான சாஸ்திரம், தேனீ வளர்ப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குச் சுமந்தார். "பாரும்மா, இந்த ஜனங்களுக்கு எப்பேர்ப்பட்ட அறிவுப் பசி!" என்று அம்மா பூரித்துப்போனார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் பழைய கரையையும் முந்தியையும் கண்ணாலேயே களவாடிக்கொண்டு போய்த் தறியில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

எல்லோருக்கும் என்று சொன்னது தப்பு. எவனோ ஒரு புண்ணியவானுக்கும் தெரியவில்லை. 'நூலகத்தில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து அம்மாளையே முறைத்துப் பார்க்கிறார்கள், அவரும் அதற்கென்றே அலங்காரம் செய்துகொண்டு வருகிறார்' என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. புகார் நிரூபணமானால் அன்றே சஸ்பெண்டு. அம்மாவின் சம்பளத்தை நம்பித் தம்பி குடும்பம் ஒன்று இருந்தது.

"மேடம், நாளைக்கு ஒரே ஒரு நாள் என் நைலெக்ஸைக் கட்டிக்கிட்டு வாங்க" என்று கெஞ்சினேன்.

மறுநாள் அரக்குப் பட்டில், ஒரு முழ அகலக் கரையோடு வந்து நின்றார். பஃப் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. "பெரியவர் ஒருத்தர் வர்றாரு. மரியாதை வேணாமா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மழையும் சேர்ந்துகொண்டது. அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது அறை நிரம்பி வழிந்தது. ஒருவர் கண்ணும் புத்தகத்தில் இல்லை. அவர் முகம் சிவந்தது. அம்மாவை உள்ளறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"எதுக்குய்யா இங்க வர்றீங்க?"

கண்ணப்பன் எழுந்தார். "சேலை பாக்க சார்."

"சேலையைப் பாக்கவா, கட்டினவங்களைப் பாக்கவா?"

நான் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கட்டினவங்கள யாரு பாத்தாங்க சார்?"

அதிகாரி கெட்டிக்காரர். "சரி, அந்தம்மா கண்ணாடி போட்டிருக்காங்களா, இல்லையா? சொல்லு."

கண்ணப்பன் மீசையைத் தடவினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "கண்ணாடியா? தெரியலியே சார். யப்பா, நீ பாத்தியா?"

"நான் எங்கப்பா பாத்தேன்? போட்டிருக்க மாட்டாங்க."

"சிவப்பா, மாநிறமா?"

"அரக்கு சார்."

"முகத்தைக் கேக்குறேன்யா!"

"அவ்ளோ ஒசரம் பாக்கறதில்ல சார். முந்தியோட நின்னுடுவோம்."

அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். மூக்குத்தி உண்டா இல்லையா என்பதில் இரண்டு கட்சி கிளம்பி, சண்டையே வந்துவிட்டது. ஆனால் கரையைப் பற்றிக் கேட்டால் யாளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வரைக்கும் ஒரே குரல். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது கண்ணப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கரையில எங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு நெய்ய முடியுமா?" என்று விசாரித்ததை நான் காதால் கேட்டேன்.

வேலை தப்பித்தது. துள்ளிக்கொண்டு உள்ளறைக் கதவைத் திறந்தேன். வெறும் பலகைக் கதவுதானே, அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பியிருந்த பஃப் இரண்டும் தொய்ந்து கிடந்ததாக எனக்குத் தோன்றியது.

"புத்தகத்துக்கும் வரலை. சரி, போகட்டும்" என்றார். "இத்தனை நாளா எதிர்லயே உட்கார்ந்திருந்தாங்களே. நான் கண்ணாடி போட்டிருக்கறதுகூடவா ஒருத்தருக்கும் தெரியலை?"

நான் போய்த் தலைக்கு மேலிருந்த விசிறியைப் போட்டேன்.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. எல்லாத் தறியும் ஓடும் நாள். நூலகத்தில் ஈ காக்கை இல்லை. கண்ணப்பன் மட்டும் வந்தார். மடியிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அரக்கு நிறப் பட்டு நூல், ஒரு சுருள்.

"கண்ணாடிக் காம்புல கட்டிக்கோமா. வலது பக்கம் வெள்ளை நூலு கட்டிக்கினு இருக்கறீங்க. சேலைக்கு எடுப்பா இல்ல."

அம்மா நிமிர்ந்தார். "நேத்து தெரியாதுன்னீங்க?"

"தெரியும்னா அந்த ஆபீசரு உட்டுருவாராமா?" கண்ணப்பன் தலையைச் சொறிந்தார். "மொட்டைக் கடுதாசி சங்கதி எங்க காதுலயும் விழுந்துச்சு. மழையில வழியிலயே எல்லாரும் பேசிக்கினுதான் வந்தோம், மூஞ்சிய பாத்ததா ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு. அப்புறம், அந்த மாட்டு வைத்தியப் புஸ்தகம் பாதிதான் ஆயிருக்குது. இன்னும் நாலு நாளு குடுமா."

அம்மா புத்தகத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். பிறகு வெள்ளை நூலை அவிழ்த்துவிட்டு, பட்டு நூலை நிதானமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். அன்று மாலை கடிகாரத்தை மூடவே மறந்துவிட்டார். நானும் கண்ணப்பனும் நெடுநேரம் எழவில்லை.

அடுத்த வாரம் நானும் தையற்காரரிடம் போய் ஒரு பஃப் கை ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். எனக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. கண்ணப்பனே முகத்துக்கு நேராகச் சொன்னார். அம்மா ஓய்வு பெற்றுப் போகிற நாள் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.